செட்டுக்கு இரண்டு வேர், மைக்குக்கு ஒரு கை

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வயலில் தண்ணீர் இறைக்கும். ஓட்டலில் தோசையாய் வரும். வயதானவர் வாயில் பல்லாய் உட்காரும், ராத்திரி டம்ளரில் தூங்கும். திருவிழாவில் தொண்டை கிழியக் கத்தும். கன்னியாகுமரியில் சூரியனைக் கடலுக்குள் இறக்கும். அது என்ன?

'செட்' என்று நினைத்தவர்கள் கை தட்டிக்கொள்ளலாம். பம்பு செட், செட் தோசை, பல்செட், மைக்செட், சன்செட். எங்கள் மாவட்டத்தில் ஓணம் வந்தால் பெண்கள் உடுத்தும் செட்டுமுண்டும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. என் வீட்டு அகராதியிலோ அதற்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் வீட்டில் எனக்கு ஒதுக்கிய இடத்தைவிட அது அதிகம்.

நான் சிவதாணு. நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை. சொற்கள் எங்கே பிறந்தன என்று தோண்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. அதைப் பக்கத்திலிருந்து கேட்பவர்களுக்குப் பொழுது போகவே போகாது என்பாள் என் மனைவி சண்முகவடிவு.

எங்கள் மகள் அஸ்வதி ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் ஆங்கில நாள் வந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஆங்கிலச் சொல்லோடு மேடை ஏற வேண்டும். அஸ்வதிக்குச் சீட்டுக் குலுக்கலில் கிடைத்த சொல் 'செட்'. நேரம் மூன்று நிமிடம். மேடைக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் மைக் ஒருவருக்குத்தான். அது யாருக்கு என்று திங்கட்கிழமை காலையில் பிள்ளையே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும்.

அந்த மைக் எனக்குத்தான் என்று உடனே தீர்மானித்தேன். நான் படித்த காலத்தில் மேடையில் எனக்குக் கிடைத்தது நாற்காலி தூக்கும் வேலை. அதன் பிறகு மேடை ஏறியது என் கல்யாணத்தில். அன்றைக்கும் என்னை யாரும் பேச விடவில்லை. அதற்கு அப்புறம் வீட்டிலும் விடவில்லை.

ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. அஸ்வதிக்கு அம்மா என்றால் உயிர். வடிவு கையை நீட்டினால் போதும், மைக் அங்கே போய்விடும். அவளாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் திட்டம் ஒன்று போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலேயே ஒரு பரீட்சை. செட் என்ற சொல்லை நான் விளக்குவேன், அவளும் விளக்கட்டும். அவள் படித்தது கணக்கு. வேர் என்றால் அவளுக்கு ஸ்கொயர் ரூட்தான்.

அடுக்களைக்குப் போனேன். வடிவு தரையில் உட்கார்ந்து அவியலுக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் குடம். அஸ்வதி முருங்கைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி வடிவு, மைக்குக்கு நீயும் போட்டி போடேன்” என்றேன் பெருந்தன்மையாக.

“எனக்கு என்னத்துக்கு அந்த வம்பு? நீங்க பேசுங்கோ. சந்தேகம் வந்தா மட்டும் கேட்டுக்கிடுகேன்.”

போர் தொடங்குமுன்பே வெற்றி! நான் தொண்டையைச் செருமினேன்.

“ஆங்கிலம் பேசியவர்களின் முன்னோர்கள் ஆதியில் வட கடலின் அக்கரையில் வாழ்ந்தார்கள். அந்தக் கடலோரம் எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம்…”

அஸ்வதி செல்போனில் மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைத்திருந்தாள். அது அடித்தபோது நான் இன்னும் அக்கரையில்தான் நின்றேன். கப்பலே கிளம்பவில்லை.

“எப்பா, செட் எப்ப வரும்?” என்றாள் அஸ்வதி.

“வரும் மக்கா. முன்னுரை முடியட்டும்.”

“நேரம் முடிஞ்சிட்டுல்லா?”

வடிவு தலையைத் தூக்கினாள். “பாவம், அப்பா மூச்சு வாங்கட்டும். நான் அதுக்குள்ள ஒரு சந்தேகம் கேக்கட்டா?”

“கேள், கேள்” என்றேன்.

இந்த இடத்தில் என் சுபாவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாராவது சரியாக ஒன்றைச் சொல்லிவிட்டால் 'ஆமா' என்று ஒப்புக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. இது வடிவுக்குத் தெரியும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

அவள் ஒரு கரண்டியை எடுத்துக் குடத்தின் மேல் மெதுவாகத் தட்டினாள்.

“கரண்டு வந்தா வயலுக்குள்ள தண்ணி கொட்டும் பம்பு செட்டு. சரிதானா?”

“ஆமா.”

“கறி கடிச்சா கழண்டு வரும் மாமாவுக்குப் பல்லு செட்டு…”

“ஆமா!”

“இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, சேனை வழுக்குது” என்று கரண்டியையும் குடத்தையும் என் பக்கம் தள்ளினாள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் கரண்டி, மடியில் குடம். கை சும்மா இருக்குமா? தட்டியது. அவள் கத்திப் பிடியால் பலகையைத் தட்டினாள்.

“ஓணத்துக்கு உடுத்துக்கிட்டா ஒய்யாரமா செட்டுமுண்டு…”

“ஆமா!”

“கணக்குப் புத்தகம் திறந்து பாத்தா அங்கேயும் ஒரு செட்டிருக்கு…”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்கிலே வருகிற செட்! அதை நான் மறந்தே போயிருந்தேன். “ஆமா! ஆமா!” என்று குடத்தைப் பலமாகத் தட்டினேன்.

அஸ்வதி முருங்கைக்காயைப் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “எம்மா, இன்னும்!”

“மாடி வீட்டுக் காங்கிரீட்டு காஞ்சு போனா ஆச்சு செட்டு…”

“ஆமா! ஆனால் வடிவு, இங்கே நீ ஒன்று கவனிக்க வேண்டும். பம்பு செட்டில் வருகிற செட்டும் காங்கிரீட் செட் ஆவதும் ஒரே சொல் இல்லை. இரண்டும் வேறு வேறு வேர். ஒன்று, பழைய ஆங்கிலம். உட்கார வைப்பது என்று பொருள். காங்கிரீட் உட்கார்கிறது, சூரியன் கடலுக்குள் உட்கார்கிறது. இன்னொன்று, லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். அதிலிருந்துதான் ஒன்றாகச் சேர்ந்த பொருள்களுக்கு…”

இதைத்தான் நான் பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். வடிவு சேனையை ஒதுக்கி வைத்தாள். பிறகு பலகையைத் தட்டினாள்.

“உக்கார வச்சா ஒரு செட்டு, பின்னால போனா மறு செட்டு! ரெண்டு வீட்டுப் பிள்ளையளு ஒத்தப் பேரில் நிக்குதய்யா!”

பதினெட்டுப் பக்கமும் இரண்டு வரியில் அடங்கிவிட்டன. ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் என்ன செய்வது?

“ஆமா!” என்று கத்தினேன். குடம் கணீரென்றது.

“எப்பா, வில்லுப்பாட்டு!” என்று அஸ்வதி துள்ளிக் குதித்தாள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வடிவின் ஊர் தோவாளைப் பக்கம். அங்கே கோயில் கொடைத் திருவிழா என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. ஒருவர் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் குடத்தைத் தட்டி, ஒவ்வொரு வரிக்கும் 'ஆமா' போடுவார். கதை சொல்கிறவருக்குத்தான் பேர். குடம் இப்போது யார் மடியில் இருக்கிறது?

“இது ஏமாத்து!” என்றேன். “போட்டி போட மாட்டேன்னு சொன்னியே?”

“நான் எங்க போட்டி போட்டேன்? சந்தேகம்லா கேட்டேன். நீங்கதான் அத்தனையும் சரின்னு சொன்னியோ.”

“சரியா தப்பான்னு சொல்லத் தெரிஞ்சவன் நான். அப்ப அறிவு என்னோடது!”

“ஆமா” என்றாள் வடிவு.

“வேரைக் கண்டுபிடிச்சவன் நான்!”

“ஆமா.”

அவள் சொன்னபோது அந்த 'ஆமா' ஏனோ வேறு மாதிரி கேட்டது. நான் மகளிடம் திரும்பினேன். குழந்தைகள் நீதி தவறமாட்டார்கள்.

“மக்கா, நீ அம்மா முகத்தைப் பாக்காத. என் முகத்தையும் பாக்காத. நல்லா யோசிச்சுச் சொல்லு. வட கடல் உனக்குப் பிடிச்சுதா இல்லியா?”

“பிடிச்சுதுப்பா.”

“பாத்தியா வடிவு!”

“ஆனா அதுல குளிரா இருக்கு. தூக்கம் வருது.”

வடிவு சேனைத் துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள். “பிள்ளையை நெருக்காதீங்கோ. நாளைக்குக் காலையில அவளா டீச்சர்ட்ட சொல்லட்டும். அப்பா பேசினாலும் எனக்குச் சந்தோசம்தான். நான் கீழ உக்காந்து கை தட்டுகேன்.”

அவ்வளவு பணிவாக அவள் பேசினால் எனக்குப் பயம் வரும். அன்று மாலை அஸ்வதிக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தேன். பேச்சை மூன்று பக்கமாகக் குறைத்தேன். வட கடலைத் தூக்கியே எறிந்தேன். திங்கட்கிழமை நானே அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வாசலில் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு நின்றேன். உள்ளே டீச்சர், “மைக் யாருக்கும்மா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மைக் அம்மாவுக்கு, குடம் அப்பாவுக்கு என்று அஸ்வதி சொன்னாள்.