ஏலக்காயோடு காய்ந்த ஆம்ப்ளிஃபயர்

பழுதான எந்தச் சாமானும் நன்றாகக் காயவைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று, தலை நரைக்கிற வயது வரை மனதார நம்பியவன் நான். சிரிக்க வேண்டாம். போடிநாயக்கனூர்க்காரன் வேறு எதை நம்புவான்? செடியிலிருந்து பறித்து வரும்போது ஏலக்காய் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி வழுவழுவென்று, ஒன்றுக்கும் உதவாமல் இருக்கும். சூடு காட்டிக் காயவைத்த பிறகுதான் அதற்கு மணம், மரியாதை எல்லாம் வருகிறது. எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "மேல மழையா?", அடுத்த கேள்வி "காய் காஞ்சிருச்சா?". இந்த ஊர்க் காற்றைக் குடித்து வளர்ந்தவன் ஊமையாய் நிற்கும் ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ஈரம் என்றுதான் நினைப்பான். நானும் நினைத்தேன். (அது கேவலமான நினைப்புன்னு இன்னைக்கும் ஒத்துக்க மாட்டேன். தப்பான நினைப்பு, அம்புட்டுத்தான்.)

எனக்குச் சொந்தமாக ஒரு சாக்குக் கடை உண்டு. அதைவிடச் சொந்தமாக ஒரு கிறுக்கும் உண்டு. யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து வாங்கி, திறந்து, துடைத்து, ஈயம் பற்றவைத்து, மறுபடி பாடவைப்பது. தேனி, மதுரைப் பக்கம் இதே வியாதி உள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அவ்வப்போது ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கி வருவார்கள். வீட்டுக்காரர் புதிதாக உயிர் கொடுத்த பெட்டியைத்தான் முதலில் பாடவைக்க வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "கீழ்ஸ்தாயி கொஞ்சம் சோர்வா இருக்கே" என்பது போல ஏதாவது சொல்லி வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொள்வார்கள்.

என் பெட்டிகள் மாடி அறையில் இருந்தன. என் மனைவி செல்வி அதற்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தாள். "உங்க ஆஸ்பத்திரியில சேர்ற நோயாளி எதுவும் வீட்டுக்குத் திரும்புறதில்லையேங்க" என்பாள். அந்த அறைமேல் அவளுடைய அண்ணன் ராஜாமணிக்கு ஒரு கண். போடிமெட்டுக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. காய்ந்த காயை ஏலத்துக்குக் கொண்டுபோகும் வரை மூட்டை போட்டு வைக்க டவுனுக்குள் ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் மலைமேல் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். தேக்கு மரக் கூடு, முகத்தில் வெள்ளி நிறத் தகடு, வரிசையாகப் பொத்தான்கள், திருகினால் வெண்ணெயில் விரல் போவது போல் நகரும் குமிழ்கள். விற்றவர் ஒரு ரேடியோவை அதில் மாட்டிப் பாடவைத்தே காட்டினார். கணீரென்று பாடியது. சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினேன். ஜீப்பின் மேல்துணி கிழிந்திருந்தது. வழியெல்லாம் மஞ்சு. மூடுபனிக்கு மலையில் அதுதான் பெயர். முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு கூடத் தெரியவில்லை. நான் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். (கல்யாணமான புதுசுல செல்வியைக்கூட இப்படி அணைச்சுக்கிட்டு வந்ததில்லை. இதை அவளே நாலு பேர் முன்னாடி சொல்லிக்காட்டியிருக்கா.)

வீட்டுக்கு வந்ததும், பசு கன்றை நக்குகிற மாதிரி பெட்டியை ஓர் இடம் விடாமல் துடைத்தேன். ஸ்பீக்கரை மாட்டினேன். ரெக்கார்டு பிளேயரை இணைத்தேன். சுவிட்சைப் போட்டேன். விளக்கு அழகாக எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. வால்யூமை முழுக்கத் திருகினேன். காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்தேன். என் மூச்சுதான் எனக்குக் கேட்டது.

ராஜாமணி மச்சான் அப்போது பார்த்துத்தான் படியேறி வந்தார்.

"என்ன மாப்ளே, பிள்ளை அழுகவே இல்ல?"

"மஞ்சு ஏறியிருக்கு மச்சான். சரி பண்ணிருவேன்."

"போன பெட்டிக்கும் இதத்தான் சொன்னீக."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க குழு நம்ம வீட்ல கூடுது. அன்னைக்கு இது பாடலைன்னா இந்த ரூமைக் காலி பண்ணிச் சாவிய உங்க கையில குடுக்குறேன். மூட்டை போட்டுக்கங்க."

மச்சான் செல்வியைப் பார்த்தார். "தங்கச்சி, நீயும் கேட்டுக்க."

"கேட்டுட்டேண்ணே. நீங்க இப்பவே சாக்கை உதறி வைங்க."

அன்று குழுவில் போட்டேன்: 'விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை, என்ன செய்யலாம்?' வைத்தியம் கொட்டியது. ஒருவர் கெபாசிட்டர் அத்தனையையும் மாற்றச் சொன்னார். (அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் மாத்துவார்.) இன்னொருவர் டிரான்சிஸ்டர் செத்துப்போச்சு என்று இரங்கல் தெரிவித்தார். தேனியில் பல் டாக்டராக இருக்கிற ஜெயந்தி மட்டும், "முன்பக்கம் ஒரு போட்டோ போடுங்கண்ணே" என்று கேட்டார். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது? மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு வயரையும் படம் எடுத்து அனுப்பினேன். திறக்கத் தெரிந்தவன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

"உள்ள சுத்தமா இருக்கேண்ணே. முன்பக்கம்?" என்று மறுபடி கேட்டார். நான் பதிலே போடவில்லை. எனக்குத்தான் வியாதி தெரிந்துவிட்டதே.

மருந்தும் தெரிந்திருந்தது. மச்சானுடைய தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் கட்டிடம் ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் அதை ஸ்டோர் என்போம். அடைத்த அறை, அடுக்கடுக்காகத் தட்டுகள், வெளியே அடுப்பு. அடுப்புச் சூடு ஓர் இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றி வரும். பச்சை நிறம் குறையாமல் காய் பக்குவமாக உலரும். இத்தனை மென்மையாக ஏலக்காயைக் காயவைக்கிற இடம் ஓர் ஆம்ப்ளிஃபயரைக் காயவைக்காதா?

மச்சான் ஏலத்துக்குக் கீழே இறங்கிய நாளாகப் பார்த்துப் பெட்டியோடு மேலே ஏறினேன். ஸ்டோரைக் கவனித்துக்கொள்பவர் ஜோசு சேட்டன். இடுக்கிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். இந்த மாதிரி காரியங்களில் என்னைவிட ஆர்வம் அதிகம்.

"இதுக்குள்ள வெச்சா சரியாகுமா சேட்டா?"

"ஒண்ணும் பயப்படண்டா சாரே. என் மொபைல் ஓடையில விழுந்தப்போ இங்கதான் காயவெச்சு உணக்கினது."

"இப்ப வேலை செய்யுதா?"

"இல்ல. பட்சே நல்லா உணங்கியாச்சு."

இதைக் கேட்டபிறகும் பெட்டியை உள்ளே வைத்தேன் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு, கீழ்த்தட்டில், குழாய்க்குச் சற்றுத் தள்ளி வைத்தோம். மேல்தட்டுகளில் அன்று பறித்த காய், பச்சைப்பசேலென்று. அடுப்பை மூட்டி, கதவை அடைத்துவிட்டு ஜோசு இன்னும் விறகு எடுக்கப் போனார். நான் வெளியே கல்மேல் உட்கார்ந்து, பால் விடாத கட்டஞ்சாயா குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் என்னென்ன வசனம் பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஸ்டோரின் மேல் துவாரத்திலிருந்து வெள்ளையாகக் குபுகுபுவென்று புகை வந்தது.

நான் தைரியசாலி என்று நெடுங்காலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தோடு அந்த எண்ணம் போய்விட்டது. பெட்டி வெடித்துவிட்டது, அடுத்தது ஸ்டோர், அதற்கடுத்தது தோட்டம், காடு, மலை, நாளைப் பேப்பரில் என் போட்டோ என்று மனம் மளமளவென்று ஓடியது. பெட்டிக்குக் கரண்டே கொடுக்கவில்லை, கரண்டில்லாத பெட்டி எப்படி வெடிக்கும் என்கிற கேள்வி மட்டும் வரவில்லை. "சேட்டா, தீ, தீ" என்று கத்திக்கொண்டு, வெளியே தண்ணீர்க் குழாயடியில் நிறைந்திருந்த வாளியைத் தூக்கினேன். கதவை உதைத்துத் திறந்தேன். உள்ளே ஒரே வெள்ளை. வீசி ஊற்றினேன்.

பாதித் தண்ணீர் ஏலக்காய்த் தட்டில் விழுந்தது. கால்வாசி சூடான இரும்புக் குழாயில் விழுந்து, மலைப்பாம்பு சீறுவது போல 'புஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தத்தில் நான் பின்னால் பாய்ந்து, தட்டைப் பிடித்து, தட்டோடு சேர்ந்து உட்கார்ந்தேன். காய்கள் என் தலையிலும் பெட்டியின் வயிற்றுக்குள்ளும் மழையாகக் கொட்டின. மிச்சத் தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குத்தான்.

ஜோசு விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார்.

"எவிட தீ?"

நான் துவாரத்தைக் காட்டினேன். இன்னும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது.

"சாரே, அது ஆவியில்லே? பச்சக் காய் சூடானா ஆவி வரும். தினம் வரும். அதுக்குத்தானே ஓட்ட வெச்சது."

இருவரும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தோம். அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஜோசு குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மிகவும் திருப்தியாகச் சொன்னார்: "இப்போ சத்தியமா ஈரம் உண்டு."

ஆக, காயவைக்க ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, உள்ளே விழுந்த காய்களைக் குச்சியால் நோண்டி எடுத்து (எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னுதான் நெனச்சோம்), மறுநாள் மாலை வரை ஸ்டோரிலேயே உலர்த்தினோம். நான் நனைத்த காயும் பக்கத்திலேயே கிடந்தது. பெட்டி நிறம் மாறாமல் காய்ந்தது. காய் வெளுத்துப்போய் வாய் பிளந்து காய்ந்தது. ஏலத்தில் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை குழுவினர் வந்து அறை முழுக்க உட்கார்ந்தார்கள். கடைசியாக மச்சான் ஒரு மூட்டையோடு வந்தார். ஜோசு ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார்.

"இது உங்க மூட்டை மாப்ளே, நீங்க குளிப்பாட்டின காய். ஏலத்துக்கு ஆகாது. ரூம்ல முதல் மூட்டையா இதையே போடுவோம்."

"பாட்டு முடியட்டும் மச்சான்."

அந்த அறையை விட்டால் எனக்கென்று வீட்டில் இருப்பது செருப்பு வைக்கிற இடம் ஒன்றுதான். நாதசுர ரெக்கார்டை வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். விளக்கு எரிந்தது. தட்டு சுற்றியது. முள் இறங்கியது. சத்தம் இல்லை. மெல்ல மெல்ல அறை முழுக்க ஏலக்காய் மணம் மட்டும் பரவியது.

கெபாசிட்டர்காரர் மூக்கை உறிஞ்சினார். "என்னண்ணே, பாயசமா?"

மச்சான் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். நான் விடவில்லை. "சூடேறட்டும், பழைய பெட்டி நிதானமாத்தான் எந்திரிக்கும்" என்று குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

ஜெயந்தி எழுந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டியின் முகத்தைப் பார்த்தார். வரிசையில் ஒரு சின்னப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். 'டக்'கென்று அது வெளியே வந்தது.

நாதசுரம் அறையை அடித்து நொறுக்கியது. வால்யூம் முழுக்கத் திருகியிருந்ததல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்க மாடிக்கே வந்துவிட்டார்.

"டேப் பொத்தான்ணே" என்றார் ஜெயந்தி, சத்தத்தைக் குறைத்துவிட்டு. "இது உள்ள அமுங்கியிருந்தா, பெட்டி ரெக்கார்டைக் கேக்காது. பின்னாடி டேப் ரிக்கார்டர் மாட்டியிருக்கான்னு அதையே கேட்டுக்கிட்டிருக்கும். நான் அன்னைக்கே முன்பக்க போட்டோ கேட்டேன்ல? பல் டாக்டருங்க நாங்களே வாயைத் தொறக்கச் சொல்றதுக்கு முன்னாடி மூஞ்சியத்தான் பாப்போம்."

அறையே சிரித்தது. மச்சான் மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லோரும் ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்: "பந்தயம் என்ன மச்சான்? இன்னைக்கு இது பாடணும். பாடிருச்சு. யார் கைபட்டுப் பாடணும்னு நாம பேசவே இல்ல."

மச்சான் செல்வியைப் பார்த்தார். செல்வி மூட்டையைப் பார்த்தாள்.

"ரூமு அவருக்கே இருக்கட்டும்ணே. ஆனா அந்த மூட்டையும் இங்கதான் இருக்கும். தீர்ற வரைக்கும் இவரு ஏலக்காய் டீதான் குடிக்கணும்."

குடித்தேன். இன்னும் குடிக்கிறேன். அறை இன்னும் என்னுடையது. எந்த மூலையில் எந்தக் காய் ஒளிந்திருக்கிறதோ, பெட்டி சூடேறினால் இன்றும் மணக்கிறது. மதுரைக்காரர்கள் மோந்து பார்க்கவே வருகிறார்கள். 'இந்த மணம் உங்க பெட்டிக்கு உண்டா' என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறேன். வீட்டில் மிக்ஸி நின்றாலும், என் முழங்கால் பிடித்துக்கொண்டாலும், செல்வி அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "ஏங்க, ஸ்டோருக்கு அனுப்பிருவமா?" மச்சான் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு எங்கள் சொந்தத்தில் இல்லை. சொல்லட்டும். அடுத்த பெட்டி வாங்க இந்த வாரமே மலையேறுகிறேன்.

மற்றபடி, மஞ்சு அந்தப் பெட்டியை ஒன்றும் செய்யவில்லை. மலையிலிருந்து பாடிக்கொண்டுதான் புறப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆசை ஆசையாய்த் துடைத்தபோது, துணியோடு சேர்த்து அந்தப் பொத்தானை நான் உள்ளே அழுத்திவிட்டேன்.