கோர்ஸ் கொண்டக்டரும் பூசாரியின் கருவாடும்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்களில் எத்தனையோ கொண்டக்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏறுகிற ஐம்பது பேரையும் மாணவர்களாக நினைத்த கொண்டக்டர் இந்த ஊவா மாகாணத்திலேயே, ஏன், உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் வெகுநாள் எனக்குத் தெரியாது. 'கோர்ஸ் கொண்டக்டர்' என்றால் அந்தப் பாதையிலுள்ள தோட்டம் தோட்டமாகத் தெரியும்.

காசு கட்டினால் போனிலேயே பாடம் படிக்கலாம் என்று இணையத்தில் சந்தை மாதிரி வைத்திருக்கிறார்களே, அதுதான் அவருடைய வியாதி. மற்ற பஸ்களில் பாட்டு ஓடும். இவருடைய பஸ்ஸில் பாடம் ஓடும். கைக்குழந்தையோடு ஏறுகிற அக்காமார் "தம்பி, புள்ள தூங்கணும், கொஞ்சம் பாடத்தப் போடுங்க" என்று கேட்பார்கள்.

அந்தச் சந்தையில் எப்போது பார்த்தாலும் விலை குறைப்பு ஓஃபர். பக்கத்திலேயே ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பசறை தாண்டி மலை ஏறும்போது, "இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு! சிக்னல் வாற வளைவுல நிப்பாட்டுங்க!" என்று அலறினார். டிரைவர் யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்து நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் வளைவில் காத்திருக்க, அவர் ஒரு காலைக் கல்லில் வைத்து, போனை வானத்துக்குத் தூக்கி, தேனீ வளர்ப்பு கோர்ஸை வாங்கினார். மறுநாள் பார்த்தால் அதே ஓஃபர், அதே மணிக்கூடு.

"நேத்துச் செத்த ஓஃபர் இன்னைக்கு எந்திரிச்சு ஒக்காந்திருக்கு அண்ணே!" என்றார். கோபமில்லை. வியப்புத்தான்.

அந்தத் தேனீ வாத்தியார் ஏதோ குளிர் தேசத்துக்காரர். பெட்டியின் மேல் விழுந்த பனியை எப்படித் தட்டுவது என்பதற்கே மூன்று பாடம். "எங்க ஊருல இப்பிடிப் பனி விழாது, மழைதான். என்ன செய்ய?" என்று இவர் கேள்விப் பெட்டியில் எழுதிப் போட்டார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'நல்ல கேள்வி' என்று. அவ்வளவுதான்.

"சொல்லிக் குடுக்கிறவரு யாருன்னே தெரியாது அண்ணே. தன்னம்பிக்கை கோர்ஸ் ஒண்ணு வாங்கினேன், அந்த வாத்தியாருக்கே கை நடுங்குது. ஆனா ஒரு நல்லது இருக்கு. எத்தன தடவ போட்டுக் கேட்டாலும் 'மடையா'ன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. பள்ளிக்கூடத்துல இப்பிடி ஒருத்தர் இருந்திருந்தா நான் ஏன் பஸ்ஸுல தொங்குறேன்?"

அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சில் தைத்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பதுளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். எந்த ஆணி எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஆனால் பயந்த சுபாவம். பஸ் வளைவில் திரும்பும்போது டிரைவரைவிட நான்தான் அதிகம் பிரேக் மிதிப்பேன்.

இப்படிப்பட்டவனிடம்தான் போன வருடம் முதலாளியின் மருமகன் வந்து சொன்னார்: "அண்ணே, தீபாவளிக்குப் பொறகு சாமான் லிஸ்டெல்லாம் கம்பியூட்டர்லதான். தீபாவளி முடிஞ்ச மறுநாள் ஒரு சின்ன டெஸ்ட் வைக்கிறேன். செஞ்சீங்கன்னா கவுண்டர்லயே இருங்க. இல்லாட்டி ஸ்டோர்ல சீமெந்து மூட்டை எறக்கப் போயிருங்க. கோவிச்சுக்காதீங்க."

எனக்கு வயது நாற்பத்தாறு. முதுகில் ஒரு எலும்புக்கு ஏற்கெனவே என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. சீமெந்து மூட்டை என்றால் ஒரு வாரம் தாங்குவேன். அதற்குப் பிறகு வீட்டில்தான்.

அன்று மாலை பஸ் ஏறியதுமே கொண்டக்டர் பிடித்துக்கொண்டார். "என்னா அண்ணே, மூஞ்சி வாடின கொழுந்து மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு வேலை போகப்போகிறது, இந்த மனுஷனுக்குச் சந்தோஷம்!

"எக்ஸெல்! தமிழ்லயே ஒரு கோர்ஸ் இருக்கு அண்ணே. நாலரை ஸ்டார். இன்னும் ரெண்டு மணித்தியாலந்தான் ஓஃபர்!"

"தம்பி, எனக்குக் கம்பியூட்டர் கெடையாது."

"பஸ் இருக்குல்ல?"

எனக்குப் புரியவில்லை. மறுநாள் புரிந்தது.

கொண்டக்டர் தன் காசில் வாங்கிய கோர்ஸைப் போனில் போட்டார். வாத்தியார் படுவேகமாகப் பேசினார். இவர் பாதி வேகத்தில் ஓடவிட்டார். உடனே அந்தக் குரல் இழுத்து இழுத்துக் குழற ஆரம்பித்தது. பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா, "அந்தாளு ஒரு போத்தல் போட்டுட்டு வந்திருக்கான் போல" என்றாள். கொண்டக்டர் அசரவில்லை. சோக்குக்கட்டியை எடுத்து, முன் சீட்டுகளின் முதுகில் குறுக்காக ஏ, பி, சி என்று எழுதினார். முன்னாலிருந்து பின்னால்வரை ஒன்று, இரண்டு, மூன்று.

"இதான் அண்ணே எக்ஸெல். ஒவ்வொரு சீட்டும் ஒரு கட்டம். நீங்க பி நாலு. டிரைவர் அண்ணன் கட்டத்துக்கு வெளிய இருக்காரு, அவரத் தொடக்கூடாது. சி ரெண்டு யாரு?"

"நாந்தான், கருவாட்டு மூட்டையோட" என்றார் ஒரு மீன் யாவாரி.

ஒரு கிழமையில் எனக்குக் கட்டங்கள் பழகிவிட்டன. கூட்டுவது என்றால், ஏ வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுவது. பில்டர், அதாவது வடிகட்டுவது என்றால், "லுணுகலைக்குப் போறவங்க மட்டும் கையத் தூக்குங்க, மத்தவங்க இல்லாத மாதிரி இருங்க" என்பது. ஒரு பெரியவர் பில்டர் முடிந்த பிறகும் தன் தோட்டம் வரை வாய் திறக்கவில்லை. மறைத்து வைத்தவரைத் திரும்பக் காட்ட வேண்டும் என்பதையும் அப்படித்தான் படித்தேன்.

பிறகு வந்தது வரிசைப்படுத்தும் பாடம். "முந்தி எறங்குறவங்க முன்னுக்கு, பிந்தி எறங்குறவங்க பின்னுக்கு. எல்லாரும் எந்திரிச்சு மாறுங்க!" என்றார். திட்டிக்கொண்டே மாறினார்கள். ஆனால் அன்று போல பஸ் ஒருநாளும் ஓடியதில்லை. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்கள் சரசரவென்று இறங்கிப் போனார்கள். கொண்டக்டர் முகத்தில் பட்டம் வாங்கியவரின் களை.

அந்தக் களை மறுநாள் காலையில் போய்விட்டது. தோட்டத்துச் சந்தியில் கோயில் பூசாரி ஒரு பையைக் கையில் எட்டப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏய் கோர்ஸு! வெள்ளிக்கெழம பூசைக்குக் கர்ப்பூரமும் ஊதுபத்தியும் வாங்கிட்டு நேத்து ஒன் பஸ்ஸுலதான் வந்தேன். சாமி முன்னால பையத் தொறந்தா, உள்ளுக்குக் கட்டாக் கருவாடு!"

பஸ்ஸுக்குள்ளிருந்து மீன் யாவாரி எட்டிப் பார்த்தார். "அப்ப எங்க வீட்டுல கொழம்பு வைக்கப் பிரிச்சதுதான் ஒங்க கர்ப்பூரமா? பூன கூட கிட்ட வரலைங்க!"

ஆட்களை வரிசை மாற்றியவர், மேலே தட்டில் இருந்த பைகளை விட்டுவிட்டார். எல்லாம் ஒரே கடைக் கறுப்புப் பை. தன் தலைக்கு மேல் இருந்ததுதான் தன் பை என்று ஆளாளுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அன்று அந்தத் தோட்டத்தில் கறிக்கு லீக்ஸ் வாங்கியவருக்குக் கோழித்தீன், கோழித்தீன் வாங்கியவருக்குப் பிள்ளையின் சப்பாத்து.

கொண்டக்டர் பூசாரியின் காலில் விழாத குறை. பிறகு அந்தப் பாடத்தைத் திரும்பப் போட்டார். மூன்று தடவை. மூன்றாம் தடவை விறைத்து நின்றார்.

"அண்ணே, வாத்தியார் சொல்லித்தான் இருக்காரு. ஒரே ஒரு வசனத்துல சொல்லிட்டுப் பறந்துட்டாரு. ஒரு வரிசைய மட்டும் மாத்தக் கூடாதாம். பக்கத்துல ஒட்டியிருக்கிறது எல்லாத்தையும் சேத்துப் புடிச்சிட்டுத்தான் மாத்தணுமாம். நேர்ல ஒரு வாத்தியார் இருந்திருந்தா நம்ம மூஞ்சியப் பாத்தே, இவனுகளுக்கு வெளங்கலைன்னு கண்டுபுடிச்சிருப்பாரு."

தீபாவளி முடிந்து டெஸ்ட். மருமகன் கம்பியூட்டரைத் திறந்து வைத்தார். சாமானின் பெயர், பெட்டி இலக்கம், எத்தனை இருக்கு என்று முந்நூறு சாமான். "பேர் வரிசையா அடுக்குங்க அண்ணே, பாப்போம்."

மவுஸ் பிடிக்கவும் அமுக்கவும் மட்டும் கடையிலேயே பழகியிருந்தேன். பெயர்களை மட்டும் பிடித்து நீலமாக்கினேன். அமுக்கப்போன விரல் அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏசி போட்ட அந்த அறையில் எனக்குக் கருவாடு மணத்தது.

திரும்ப வந்து பெயர், பெட்டி, எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தேன். பிறகு அமுக்கினேன். ஆணி தன் பெட்டியோடு போயிற்று, பைப் தன் பெட்டியோடு போயிற்று.

மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத யாரு சொல்லிக் குடுத்தா? நானே மொதல்ல இதுல மாட்டிக்கிட்டு, ஒரு கெழம முழுக்க பைப்ப ஆணிப் பெட்டியில தேடினேன்."

"பூசாரியோட பைங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? வேலை தப்பியது. முதுகும் தப்பியது.

கோர்ஸ் முடித்ததற்குச் சர்டிபிகட் வந்தது, கொண்டக்டர் பெயரில். வாங்கியவர் பெயரில்தான் வருமாம். மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. "கஷ்டப்பட்டது நீங்க, பேரு எனக்கா?" என்று அதை அச்சடித்து, தன் பெயருக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, என் பெயரைப் பேனையால் எழுதி, லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து தந்தார். சட்டப்படி அதற்கு ஒரு சதம் மதிப்பில்லை. மருமகன் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். கவுண்டரில் என் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். பின்னேர வெயில் படும்போது என் பெயருக்கு அடியில் அவருடைய பெயர் மங்கலாகத் தெரியும்.

இப்போது அவர் வெலிமடைப் பக்கம் ஓடும் பஸ்ஸுக்கு மாறிப் போய்விட்டார். அந்தப் பக்கத்துச் சனங்கள் என்ன பாடு படுகிறார்களோ. எங்கள் பஸ்ஸில் மறுபடியும் பாட்டு ஓடுகிறது. ஏறினால் பி நாலு காலியா என்றுதான் பார்க்கிறேன். மேலே தட்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் என் பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், அவர் திடீரென்று ஏறி எல்லோரையும் எழுந்து மாறச் சொல்லிவிட்டால்?