ஆடியில் செத்த நெப்போலியன்

காலை ஒன்பது மணி. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கரும்பலகை. 'இன்று: நெப்போலியன் மறைந்த நாள்.' அன்று ஆடி மூன்றாம் தேதி. நெப்போலியன் செத்தது மே மாதம்.

பலகைக்குப் பக்கத்தில், என்னை அவசரமாக வரச்சொல்லியிருந்த சாந்தி. அந்தப் பள்ளியின் சரித்திர டீச்சர். ஆவணியில் எனக்கு மனைவியாக வேண்டியவள். கையில், நிச்சயதார்த்தத்தன்று நான் கொடுத்த தினசரி காலண்டர். பெருமையாகப் பள்ளியில் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பலகையில் எழுதுவார்கள்.

"முந்தாநாள் லிங்கன், நேத்து சீசர், இன்னைக்கு இவரு. ஆடி மாசம் ராசாக்களுக்கு ஆகாதா டீச்சர்னு பிள்ளைக கேக்குதுக. இது உங்க பேருதானே?"

தாளின் அடியில் பொடி எழுத்தில், தொகுப்பு என்று என் பெயர்தான்.

"இதுக்குப் பதில் சொல்லுங்க. கல்யாணத்தை அப்புறம் பேசலாம்."

நான் நாளிதழ் ஒன்றில் அடுத்தவர் பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன். சிவகாசி அச்சகம் ஒன்று, நாளுக்கு ஒரு வரி உலக வரலாறு கேட்டது. புத்தகங்களோடு மல்லுக்கட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன். காலண்டர் வந்ததும், என் பெயர் அச்சான தாளைக் கிழிக்க மனம் வராமல், பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்துவிட்டேன். (சூடம் காட்டாததுதான் பாக்கி.) ஒரு தாளைக்கூடப் படிக்கவில்லை.

அடுத்த பஸ்ஸில் சிவகாசி. கொதித்துக்கொண்டு போனேன்.

"வாங்க தம்பி, கலர் குடிக்கீகளா?" என்றார் அச்சக முதலாளி அண்ணாச்சி.

"நெப்போலியனை யார் அண்ணாச்சி ஆடிக்கு மாத்தினது?"

"நாந்தான். நகைக்கடையும் ஜவுளிக்கடையும்தான் நமக்கு ஆர்டர். முகூர்த்த நாள்ல தாளைக் கிழிச்சா சாவுச் சேதி இருக்கலாமா? ஆடியில யாரு கல்யாணம் வைக்கா? எல்லாச் சாவையும் அங்கன தள்ளியாச்சு. பிறப்பெல்லாம் முகூர்த்தத்துக்கு."

"அதுக்காக உலகத்துல எல்லாரையும் ஆடியிலயா சாகடிப்பீக?"

"எல்லாரையும் இல்ல தம்பி. மார்கழியிலயும் கொஞ்சம் வச்சிருக்கோம்."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பிடுங்கிப் புரட்டினேன். ஆடி மாதத்தில் ஹிரோஷிமா தாள் மட்டும் சரியாக இருந்தது. அந்தக் குண்டு ஏற்கெனவே ஆடியில்தான் விழுந்திருந்தது.

வரலாறு, உண்மை, வாசகன் என்று மூச்சு வாங்கக் கத்தினேன். அண்ணாச்சி கேட்டு முடித்தார். "உங்க கல்யாணம் என்னைக்கி?"

"ஆகஸ்ட் இருபத்துநாலு."

அந்தத் தேதிக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து அவரே வாசித்தார்: "இத்தாலியில் எரிமலை வெடித்துப் பாம்பேய் நகரம் சாம்பலானது. இதைப் போட்டிருக்கணும்ங்கீக?"

நான் கலர் குடித்தேன்.

சாயங்காலம் நடந்ததை அப்படியே சாந்தியிடம் சொன்னேன். பாம்பேய் வரை வந்ததும், "அன்னைக்கு அந்தத் தாள்ல இப்ப என்ன இருக்கு?" என்றாள்.

"நெப்போலியன் பிறந்த நாள்."

"ஆடியில கொன்னுட்டு ஆவணியில பெத்திருக்காக." சிரிக்கவில்லை. "கல்யாணம் நடக்கும். ஆனா அந்தக் காலண்டரை மண்டப வாசல்ல மாட்டணும்."

மாட்டினோம். நெப்போலியனைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் டீச்சர் கையெழுத்தில் அவளே திருத்தியிருந்தாள்: 'எரிமலை வெடித்த நாள்.' வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் பந்திக்குப் போனார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால், "நாள் பாத்துத்தானே கட்டுனீக" என்பான் மச்சினன்.

அண்ணாச்சியும் வந்திருந்தார். அடுத்த வருடக் காலண்டரைப் பரிசாகக் கொடுத்தார். அதில் நெப்போலியன் மார்கழியில் இறந்திருந்தார். அடியில் என் பெயர் இருந்தது.