கண்ட்ரோலர் சாய்ந்த சருக்கம்

மார்ச்சுத் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு, காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட குளிரூட்டிய சிற்றறையில், நெட்வொர்க் பொறியாளன் மின்செருகியொன்றை வலக்கையால் பற்றி நின்றான்.

சொல்லே, வழுவின்றி வந்து துணைநில்! வாழ்க அவன்! மாடிதோறும் அலைபாயும் வைஃபையை ஆளும் அண்ணல். கூரைதோறும் கண்சிமிட்டும் வெண்தட்டுக் கருவிகளின் குலபதி. விடுப்பென்னும் கனியை எம்பி எம்பியும் எட்டாத ஏக்கப் பெருந்தகை! அவன் ஊருக்குக் கிளம்பிய நாள் பார்த்தே, அத்தட்டுகளையெல்லாம் மேய்க்கும் கண்ட்ரோலர்ப் பெட்டி மூர்ச்சையுறுவதும், மாமியார் வீட்டில் செருப்பைக் கழற்றுமுன் அவன் திரும்பி ஓடிவருவதும் மரபாகிவிட்டன.

வியாழனன்று மைத்துனனுக்குத் திருமணம்.

"என்னங்க, இந்தத் தடவையும் என்னைத் தனியா அனுப்பினீங்கன்னா, நான் அங்கேயே இருந்துக்கறேன். நீங்க உங்க பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று இல்லாள் காலையிலேயே முரசறைந்திருந்தாள்.

"பெட்டி படுத்தாலும் வைஃபை நிக்கக் கூடாது. அதைக் காட்டு, நாலு நாள் எடுத்துக்கோ" என்பது மேலாளரின் திருவாக்கு.

ஆதலின் அவன், மன்றாடி இரண்டாம் பெட்டியொன்றை வரவழைத்து, மூத்தவன் சாய்ந்தால் முடிதாங்க இளையவனை ஆயத்தஞ்செய்து, ஒருவன் நாடியை மற்றவன் ஓயாது பார்க்கக் கம்பி பூட்டி, மூத்தவன் அறிந்த அனைத்தையும் இளையவனுக்கு ஓதுவித்து, பன்முறை தோற்று, தோற்றதை எவருக்கும் சொல்லாது தேறி, இன்று, மதயானையின் எதிரே வெறுங்கையனாய் நிற்பான்போல மேலாளர் முன்னிலையில் நின்றான்.

பிடுங்கினான்!

மூத்த பெட்டியின் விளக்குகள் களத்தில் வீழ்ந்த வேந்தனின் விழிகளென மங்கின. காற்றாடி பெருமூச்செறிந்து அடங்கிற்று. இமைப்பொழுதில் இளையவன் அரியணையேறி, வெண்தட்டுகள் அனைத்தையும் தன் குடைக்கீழ்க் கொண்டான். எம்மாடியிலும் ஓலம் எழவில்லை. மேலாளரின் கைப்பேசியில் ஓடிய பந்தாட்டமும் நடுங்கவில்லை.

"எப்பப்பா பிடுங்கப் போறே?"

"பிடுங்கிட்டேன் சார்."

மேலாளர் இருண்ட பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"இது செத்துக் கிடக்கு. ஆனா வைஃபை ஓடுது?"

"ஆமா சார்! அதான் சார்!"

"அப்ப இந்தத் தண்டத்துக்கா இத்தனை வருஷம் கரண்ட் கட்டினோம்? கிளை ஆபீஸ்ல பெட்டி இல்லன்னு அழறாங்க. அங்க அனுப்பிடு."

"சார், அப்புறம் புதுசு படுத்துடுச்சுன்னா?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

மூத்த பெட்டியை அன்று மாலையே கிளை அலுவலகத்துக்கு அனுப்புவதென்றும், பொறியாளனின் விடுப்பை நிறுத்திவைப்பதென்றும் முடிவாயிற்று.

மனைவி தனியாக பஸ் ஏறினாள்.