கழுவாத வேட்டி

அரைகுறையாகத் தொழில் தெரிந்தவன்தான் வீட்டில் அதிகம் விளக்கம் சொல்லுவான். அறுபதுகளில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான்.

இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை நம்பிக் காடு வெட்டித் தர்மபுரத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. கொழும்புக்கு அருகே ஒரு நெசவாலையில் எனக்கு வேலை கிடைத்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பகுதி. ஆயிரக்கணக்கான நூல்கள் கொதிக்கும் கஞ்சித் தொட்டிக்குள் மூழ்கி எழும்பி, சூடான உருளைகளில் உருண்டு காய்ந்து, விறைப்பாகத் தறிக்குப் போகும். கஞ்சி இல்லாவிட்டால் தறியின் அடி தாங்காமல் நூல் அறுந்துவிடும். தறிக்கூடத்துக்கு அப்பால் இருந்த கட்டிடத்தில் என்ன நடக்கிறது என்று ஆறு மாதத்தில் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. (சாப்பாட்டுக் கூடம் மற்றப் பக்கத்தில் இருந்தது.)

தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாத்தியார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி, ஐயாவுக்கு மட்டும் பயம். காடு வெட்டி எரித்தபோது அவருடைய இடது கால் முழங்கால்வரை வெந்து, ஆறியபின் தோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப்பட்டிருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் வெண்குட்டம் என்பார்கள். அப்படி ஒரு சொல் எழும்பினால் சம்பந்தம் முறியும். அதனால் வெளியாட்கள் முன் கணுக்காலை மூடித்தான் வேட்டி கட்டுவார்.

"கலியாண வேட்டி என்ரை பொறுப்பு, ஐயா. எங்கடை மில் துணி!" என்றேன்.

தறியிலிருந்து இறங்கிய துணியில் எட்டு முழம் கேட்டு வாங்கினேன். தந்த மேற்பார்வையாளர், "இது இன்னும் அங்காலைக் கட்டிடத்திலை கழுவி வெளுக்கேல்லை, கவனம்," என்றார். எனக்கா கவனம்? நான் யார்!

அம்மா தொட்டுப் பார்த்தா. "இதென்ன மோனை, அப்பளம் மாதிரி நிக்குது? நிறமும் மஞ்சளா இருக்கு. ஒருக்காத் தோய்ப்பமோ?"

"புதுக் கோடி வேட்டியை ஆராவது தோய்ப்பினமோ? மஞ்சள் தொட்டுவிட்டு அப்பிடியே உடுக்கிறதுதானே முறை," என்று அவவின் சாத்திரத்தையே அவவுக்கு எடுத்துவிட்டேன். நிறத்தைப் பட்டு நிறம் என்றும் சொல்லி வைத்தேன்.

ஐயா அதை உடுத்து முற்றத்தில் இரண்டு தரம் நடந்து காட்டினார். "என்ரை பெடியன் செய்தது," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் வந்து நின்றபோது மழை ஊற்றியது. ஐயா குடையோடு ஓடினார். குடை முழுவதும் மாப்பிள்ளைக்கு, மழை முழுவதும் ஐயாவுக்கு. பந்தலுக்குள் அவர் திரும்பி வரும்போதே வேட்டி தன் தொழிலைத் தொடங்கிவிட்டது. கரைந்த கஞ்சி பசையாகிக் காலில் ஒட்டியது. துணி சுருங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் வேட்டி மேலே ஏறியது. மாப்பிள்ளை நிமிர்ந்து பந்தலைப் பார்த்த இமைப்பொழுதில் ஐயா அடுப்படிப் பக்கம், குசினிக்குள் பாய்ந்தார்.

நான் பின்னால் ஓடினேன். அம்மா அவருடைய காலிலிருந்து வேட்டியை உரித்துக்கொண்டிருந்தா. அவர் வெளியே உடுக்கும் நீள வேட்டி கொடியில் மழையில் நனைந்து கிடந்தது; மற்றதெல்லாம் முழங்காலோடு நிற்கும் குட்டை வேட்டிகள். என் வேட்டியைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மில்காரத் துரையான நான் அன்று நீளக் காற்சட்டையில் நின்றேன்.

"சித்தப்பாவின்ரை வேட்டியைக் கேக்கட்டோ, ஐயா?"

"வேண்டாம் தம்பி." வீட்டில் உடுக்கும் சாரத்தை எடுத்துக் கட்டினார். "திரும்பவும் ஏதும் நடந்து கால் தெரிஞ்சுதெண்டால் பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சு. சித்தப்பாவையே மணவறையிலை குந்தித் தாரைவார்க்கச் சொல்லு. எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு."

சொன்னேன். கெட்டிமேளம் கொட்டியபோது ஐயா சாரத்தோடு அடுப்படியில் இருந்தார். ஒரே மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தது சித்தப்பா. ஐயா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வருடத்தில் ஐயா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டியன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் இருந்தபோது, மனம் பொறுக்காமல் வேட்டிக் கதையை முழுதாகத் தங்கச்சியின் மாப்பிள்ளையான மச்சானிடம் சொன்னேன்.

"மாமாவின்ரை அந்தக் காலை நான் முதலே பாத்தனான்," என்றார் அவர். "ஓம் எண்டு சொல்ல முந்தி, ஒருத்தருக்கும் தெரியாமல் சைக்கிளிலை இஞ்சை வந்தனான். மாமா வயலுக்கை நிண்டவர். பக்கத்து வளவுக்காரர்தான் சொன்னவர், காடு எரிக்கேக்கை சுட்ட கால் எண்டு. இப்பிடிப் பாடுபட்ட மனுசன்ரை மகள் எண்டுதான் நான் ஓம் எண்டனான்."

"பிறகேன் அவரிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவர் மறைக்கிறதை நான் ஏன் கிளறுவான் எண்டு விட்டிட்டன்."

தங்கச்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளைத் தேற்ற வழி தெரியாமல் மச்சான் எனது புதுச் சட்டையைப் பிடித்து இழுத்து, "மச்சான், இதைத் தண்ணியிலை போட்டுப் பாத்தனீங்களோ?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் புது உடுப்போடு வந்தாலும் அதே கேள்விதான். பேரப்பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தக் காலை மாப்பிள்ளை முன்பே பார்த்துவிட்டார் என்பது மட்டும் ஐயாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.