புகைக்கு இந்தப் பக்கம், ஆவிக்கு அந்தப் பக்கம்

"அதை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்க. இது சிகரெட் பிடிக்கிறவங்க கொட்டகை," என்றாள் மேற்பார்வையாளர் பாலின்.

டெஸ்மண்ட் தன் கையிலிருந்த மின்சிகரெட்டைப் பார்த்தான். டாக்டர் மிரட்டியதால் இருபது வருடச் சிகரெட்டை விட்டு இதற்கு மாறி இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் ஊரில் அவன் வேலை பார்க்கும் பிஸ்கட் ஆலையில் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"ஏங்க, நான் திருந்திட்டேங்க!"

"அதனாலதான். இவங்களோட நிக்க விட்டா மறுபடியும் கெட்டுப்போயிடுவீங்களாம். ஆவி விடுறவங்களுக்குக் குப்பைத் தொட்டிப் பக்கம் தனி இடம் போட்டாச்சு."

சிகரெட் போனதில் டெஸ்மண்டுக்கு வருத்தமில்லை. பேக்கிங் பிரிவு லோர்னாதான் கவலை. ஆறு வருடமாக அந்தக் கொட்டகையில் தினம் பத்து நிமிடம் அவளோடு பேச்சு. கன்னத்தில் குழி விழ அவள் சிரிப்பதைப் பார்க்கவே அந்தப் பத்து நிமிடம் பற்றாது. சனிக்கிழமை கடற்கரைக்கு மீனும் சிப்ஸும் சாப்பிடக் கூப்பிட இப்போதுதான் தைரியம் வந்திருந்தது.

மறுநாள் மின்சிகரெட்டைச் சட்டைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தான். தைரியத்துக்கு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "லோர்னா, சனிக்கிழமை..." என்று வாயைத் திறந்தான். கஸ்டர்டு மணத்தோடு குபுகுபுவென்று ஆவி கிளம்பியது.

"ஐயோ, டெஸ்மண்ட் பத்திக்கிட்டார்!" என்று யாரோ அலற, இன்னொருவன் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான்.

அதற்கடுத்த நாள், கொட்டகையில் அவளோடு நிற்க ஒன்றே ஒன்றுதானே என்று நிஜச் சிகரெட்டையே பற்ற வைத்தான். இருமல் பிடித்துக்கொண்டது. லோர்னாவின் முகம் விழுந்துவிட்டது.

"மறுபடியுமா? நீங்க விட்டுட்டீங்கன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?" என்றவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

டெஸ்மண்டுக்கு நெஞ்சே உடைந்துவிட்டது. சிகரெட் பாக்கெட்டை வாசல் காவலாளி கேவினிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்க. செத்தாலும் இனிமே தொட மாட்டேன்," என்றான்.

மறுநாள் குப்பைத் தொட்டிப் பக்கம் கடற்காகங்களோடு தனியாக நின்றான். மனசு கனத்தது; மூச்சு மட்டும் லேசாக வந்தது. அந்த மட்டில் லாபம்தான்.

கேவின் வந்து சேர்ந்தான். "என்னப்பா, மூஞ்சி தொங்குது?"

"லோர்னா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவங்க சிகரெட்டை விட்டாத்தானே இங்க வருவாங்க?"

"விடுறதா?" கேவின் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆறு வருஷமா தினம் எங்கிட்ட ஒரு சிகரெட் வாங்கிட்டுப் போய், பத்த வைக்காமலே திருப்பிக் குடுத்துட்டிருந்த அம்மா, இன்னிக்கு வந்து, 'ஆவி விடுற குழாய் ஒண்ணு கிடைக்குமா, சும்மா கையில வெச்சுக்கத்தான்'னு கேக்கறாங்கப்பா!"