நமக்குள்ள எதுக்கும்மா பதிவு?

முதலாளிகளில் திட்டுகிறவர் உண்டு. முறைக்கிறவர் உண்டு. சம்பள நாளன்று மட்டும் தலைவலி வந்து வீட்டுக்குப் போய்விடுகிறவரும் உண்டு. இவர்களையெல்லாம் தூரத்திலேயே அடையாளம் கண்டு விலகிவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு ரகம். இவர் திட்டமாட்டார், முறைக்கமாட்டார். வேலை கேட்டு வந்த முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, "இது கம்பெனி இல்லம்மா, குடும்பம்" என்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் குடும்ப முதலாளி.

பேக்கரி, அச்சகம், தையல் கூடம் என்று எல்லாத் தொழிலிலும் இந்த இனம் உண்டு. நான் அருகிலிருந்து பார்த்தவர் சலவை நிலையம் நடத்துகிறார். ஹோட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம். என் சித்தி அங்கே மடிப்பு மேசையில் பதினாறு வருடம் நின்றார். நின்றார் என்றுதான் சொல்கிறேன். முதல் நாள் இழுத்துப் போட்ட அந்த நாற்காலிதான் அவருக்கு அங்கே கிடைத்த கடைசி நாற்காலி.

குடும்ப முதலாளியை 'சார்' என்று கூப்பிடக் கூடாது. மனம் புண்படும். 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். தொழிலாளிகளின் பிறந்தநாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்; கேக் வாங்கி வருவார், தானே வெட்டி, தானே ஊட்டி, போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே போன் போட்டு, "கஞ்சி குடிச்சியா? வெந்நீர் குடி. நாளைக்கு வந்துருவல்ல?" என்று விசாரிப்பார். எவ்வளவு அக்கறை! ஓய்வூதியத்துக்காகச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவுசெய்து மாதாமாதம் சந்தா கட்டுவது ஒன்றைத் தவிர, பெற்ற தகப்பன் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்வார்.

அதைப் பற்றிக் கேட்டால்தான் வேடிக்கை. சேர்ந்த புதிதில் சித்தி கேட்டிருக்கிறார்.

"அண்ணா, அந்த ஆபீஸ்ல பேரு பதியணும்னு சொல்றாங்களே..."

அண்ணன் நெஞ்சில் கை வைத்தாராம். "யாரு சொன்னா? நமக்குள்ள எதுக்கும்மா பதிவு? உன் அம்மா உனக்குச் சோறு போட்டப்ப ரசீது கேட்டியா?"

சித்தி கேட்கவில்லைதான். உங்களில் யாராவது கேட்டீர்களா?

"நாளைக்கு வயசான காலத்துல..."

"நான் இருக்கேன்ல!"

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது குடும்ப முதலாளியின் கண் லேசாகக் கலங்கும். பொய்யும் இல்லை, அவர் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். பதிவேட்டில் இல்லாமல் போனது சித்திதான்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு விசேஷ குணம் உண்டு. ஆள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். விருந்தினர் வந்தால், "மொத்தம் நாற்பது பேர் சார், எல்லாம் என் தம்பி தங்கச்சிங்க" என்பார். அந்த அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் போதும், "இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு, எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்த் துணியைப் பாத்துக்கங்க" என்று உத்தரவு வரும். உலர்த்துவதற்கு நான்கு இயந்திரங்கள் கீழே சும்மா நிற்க, தம்பி தங்கச்சிகள் மாடியில் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே பதிவேட்டில் பெயர் உள்ள பதினோரு பேர் மட்டும் வேலை செய்வார்கள். ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டது. அப்போதும் யாரையும் இறங்க விடவில்லை.

அப்படி ஓர் ஆய்வின்போது சித்திக்கு மாடியேற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கீழேயே அகப்பட்டுக்கொண்டார். வேறு வழியில்லாமல் அவர் பெயரும் பதிவேட்டில் ஏறியது. அதுவும் பாதிச் சம்பளத்தை மட்டும் காட்டி. அது நடந்து நான்கு வருடம்.

இந்த வருடம் மருத்துவர், "இனிமே நின்னுக்கிட்டு வேலை பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சித்தி சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓய்வூதியம் கேட்டுப் போனார். குறைந்தது பத்து வருடம் பதிவு இருக்க வேண்டுமாம். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நாலு வருஷம்தாம்மா காட்டுது."

"பதினாறு வருஷம் நின்னுருக்கேனே!"

"கால் சொல்லுது. பதிவு சொல்லலையே."

சித்தி எழுந்துவிட்டார். அந்த அம்மா விடவில்லை. "உக்காருங்கம்மா. அவர் கட்டாம விட்டது அவர் தப்பு. அதுக்கு உங்க உரிமை போயிடாது. விடுபட்ட வருஷங்களைச் சேர்க்கச் சொல்லி இங்கேயே மனுக் கொடுக்கலாம். சம்பளத்தைக் குறைச்சுக் காட்டினதையும் அதிலேயே எழுதுங்க. இங்க ஒத்துவரலைன்னா தொழிலாளர் நீதிமன்றம் இருக்கு. மனுக் கொடுத்ததுக்காக உங்களைப் பழிவாங்கினா அது தனிக் குத்தம். ஆனா ஆறப்போடாதீங்க. வேலையை விட்டபிறகு இத்தனை நாளுக்குள்ளன்னு கெடு உண்டு."

"என்கிட்ட வேலைக்குச் சேர்ந்த தாளே இல்லையேம்மா."

"தாள்தான் வேணும்னு இல்ல. போட்டோ, போன்ல வந்த மெசேஜ், கூட வேலை செஞ்சவங்க சாட்சி, எதுவானாலும் கொண்டாங்க."

போட்டோவுக்கா பஞ்சம்? சுவர் முழுக்கப் பிறந்தநாள் போட்டோக்கள். அண்ணனே எல்லாருக்கும் போனில் அனுப்பியும் வைத்திருந்தார். சலவை மூட்டைகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். "அண்ணன் கோச்சுக்குவாரே" என்று சித்தி தயங்கியபோது, "மாடியில நாம நனைஞ்சப்ப அவர் கோச்சுக்கிட்டாரா அக்கா?" என்று கேட்டார். சித்தி அன்றைக்கே மனு எழுதினார்.

விசாரணை நாளன்று குடும்ப முதலாளி கணக்கரோடு வந்து சேர்ந்தார். சித்தியைப் பார்த்ததும், "முட்டி எப்படிம்மா இருக்கு? தைலம் தேய்க்கிறியா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். பிறகு விசாரணை அதிகாரி முன்னால் உட்கார்ந்து, உண்மையான கவலையோடு பொய் சொன்னார்.

"நாலு வருஷமாத்தான் மேடம் வேலைக்கு இருக்காங்க. அதுக்கு முன்னாடி எப்பவாவது வந்து போவாங்க. அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி வர்ற மாதிரி."

"இந்தப் போட்டோ எல்லாம்?"

"பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருப்போம் மேடம். வந்து கேக் சாப்பிட்டுட்டுப் போயிருப்பாங்க."

வேன் ஓட்டுநர் தினமும் பார்த்ததைச் சொன்னார். அவருக்குத் தன்மேல் சம்பளக் கோபம் என்று அண்ணன் வருத்தத்தோடு விளக்கினார். சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. கடைசியாகச் சித்தி தன் பையிலிருந்து ஒரு கேடயத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். குடும்ப முதலாளிகள் ஆண்டு விழா நடத்தாமல் இருக்கமாட்டார்கள். நடத்தினால் கேடயம் கொடுக்காமலும் இருக்கமாட்டார்கள். சம்பள உயர்வைவிட அது மலிவு.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "'பதினைந்து ஆண்டு அயராத உழைப்புக்கு அன்புப் பரிசு.' சரி. ஆனா இது கம்பெனி கொடுத்ததுதான்னு எப்படி நம்புறது? இந்த மாதிரி எந்தக் கடையிலயும் அடிச்சுத் தருவானே."

கேள்வி சித்தியைப் பார்த்துக் கேட்டது. பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"எந்தக் கடையிலயும் அடிப்பானா? மேடம், கையில தூக்கிப் பாருங்க, என்ன கனம்! டிசைன் நானே வரைஞ்சு கொடுத்தது. இந்த ஏரியாவுல எந்த முதலாளி மேடம் தொழிலாளிக்கு இப்படிச் செய்றான்?"

கணக்கர் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். குடும்ப முதலாளியைப் பிடித்து நிறுத்த முடியுமா? அவருடைய தாராளத்தைச் சந்தேகப்பட்டுவிட்டார்களே!

"அப்போ பதினஞ்சு வருஷம்கிறது..." என்று அதிகாரி மெதுவாக இழுத்தார்.

"அது போன வருஷம் கொடுத்தது மேடம். இப்பப் பதினாறு!"

கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் மூன்று வரி எழுதி முடித்த பிறகுதான் அண்ணனுக்குத் தான் சொன்னது உறைத்தது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. பன்னிரண்டு வருடமும் சித்தி பெயரில் சேர்ந்தது, உண்மையான சம்பளத்தோடு. விடுபட்ட சந்தாவை அபராதத்தோடு அண்ணன் கட்ட வேண்டும். சித்திக்கு ஓய்வூதியம் உண்டு. மறுவாரம் மாடியில் நின்றவர்களில் ஒன்பது பேர் மனு எழுதினார்கள்.

குடும்ப முதலாளிக்குக் கோபம் வந்ததா என்கிறீர்களா? வரவே வராது. அவருக்கு வருத்தம்தான் வரும். அலுவலக வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கூடப் பிறந்தவளா நெனச்சேனேம்மா. இப்படிப் பண்ணிட்டியே" என்றார்.

"கூடப் பிறந்தவன்னுதான் அண்ணா பங்கு கேட்டு வந்தேன்" என்றார் சித்தி.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்குச் சலவை நிலையமும் இல்லை, ஆண்டு விழாவும் இல்லை. ஆனால் காலையில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போகிறாரே ஓர் அக்கா, பல வருடமாக? "அவங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி" என்று போன வாரம்கூட யாரிடமோ சொன்னீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். அவரை எந்த அலுவலகத்தில் பதிவுசெய்திருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தப்போவதில்லை. படிவத்தின் முதல் கட்டத்தை மட்டும் நிரப்புங்கள், பார்க்கலாம்.

அந்த அக்காவின் முழுப் பெயர் என்ன?